வெள்ளைக்குள் வெள்ளை

என் அலுமாரியில் பழுப்பு உறை ஒன்று இருக்கிறது. உள்ளே அக்காவின் மார்பை எடுத்த எக்ஸ்ரே படம், மமோகிராம் என்பார்கள். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை வாங்கிய அன்று, ஜன்னல் வெளிச்சத்தில் முதலில் பிடித்துப் பார்த்தவன் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, மாத்தளை டவுனில் மிளகுக் கடை போட்டு, சொந்த வேன் வாங்கியவன். எங்கள் லயத்தில் அதுவரை எவனும் செய்யாதது. வெள்ளை மிளகைத் தட்டில் பரப்பினால், கறுப்பு மணி எங்கே கிடக்கிறதென்று எட்ட நின்றே சொல்வேன். அம்மா இல்லாத வீட்டில் கொழுந்து பறித்து என்னை ஆளாக்கியவள் அக்கா. அவள் ஒருநாள், "தம்பி, மாருல கைக்கு ஒண்ணு தட்டுப்படுதுடா" என்றதும், தோட்டத்து டிஸ்பென்சரியெல்லாம் என் அக்காவுக்கு எதற்கென்று வேனில் ஏற்றிக் கொழும்புக்கே கொண்டுபோனேன். யுத்த காலம், வழி நெடுகச் சோதனைச் சாவடிகள்.

படத்தோடு ஓர் இங்கிலீஷ் காகிதமும் தந்தார்கள். தந்த பெண், "டொக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க" என்றாள். வாசிக்கத் தெரியாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசிப்பவன்போல் கண்ணை ஓட்டித் தலையாட்டினேன். பிறகு படத்தைத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கறுப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

"சுத்தம் அக்கா, மொதல்தர வெள்ளை மிளகு மாதிரி" என்றேன். டொக்டருக்குக் காத்திருந்தால் பொழுது போய்ச் சாவடிகளில் மாட்டிக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டோம்.

வழியில் ஒரு சாவடியில் அக்காவைத் தடவிச் சோதித்த பெண் பொலிஸின் கை ஓரிடத்தில் நின்றதாம். வேனில் ஏறியதும் அக்கா சிரித்தாள்.

"அவளுக்கே தட்டுப்பட்டுச்சுடா. குண்டு கட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு நெனச்சிட்டா போல."

"மெசினுக்குத் தெரியாததா அவ கைக்குத் தெரியப் போவுது?"

"மெசினுக்குக் கை இல்லையேடா."

அதற்கும் நான் சிரித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்குளிலும் கட்டி வந்த பிறகுதான், மாத்தளையில் ஒரு லேடி டொக்டர் அந்தக் காகிதத்தை வாசித்தார். "சுத்தம்னு இதில இல்லையே ஐயா. படத்தில தெளிவில்ல, ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும்னுதான் எழுதியிருக்கு." பொறுமையாக விளக்கவும் செய்தார். மார்பிலுள்ள கொழுப்பு படத்தில் கறுப்பாக விழும், சுரப்பித் திசு வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளைதான். அக்காவுக்கு இருந்ததுபோல் மார்பு அடர்த்தியாக இருந்தால், வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்ளும். வெள்ளை மிளகில் கிடக்கும் வெள்ளைக் கல்லைக் கண் பிடிக்காது, கையை விட்டு அளைந்துதான் பிடிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? அதை வைத்துத்தானே நான் ஆளானேன்!

யுத்தம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்திய நாளில் அக்கா உயிரோடு இல்லை.

போன மாதம் என் மகளை அதே சோதனைக்குக் கண்டிக்கு அழைத்துப் போனேன். மகள் உள்ளே இருக்கும்போதே காகிதத்தை என்னிடம் நீட்டினார்கள். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழ, "எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதும்மா, வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய உறையைத் திறந்து படத்தை ஜன்னலில் பிடித்தேன். அதே வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.