மூடி மேல் உட்கார்ந்திருந்த அக்கா

போன வெள்ளிக்கிழமை காலை கார்பன் டேங்க் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கெமிஸ்ட் நூர்ஜஹான் அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

கோயமுத்தூர்க் கோட்டைமேட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சூலூர்ப் பக்கம் எங்கள் சாயப்பட்டறைக்கு வேலைக்கு வந்தார். கழிவுநீரில் மிஞ்சும் நிறத்தைக் கடைசியாக இழுப்பது இந்த டேங்க்கில் நிரப்பியிருக்கும் கொட்டாங்குச்சிக் கரி. வெளிவரும் தண்ணீரைத் தினமும் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்குக் காட்டுவார். “டீத்தண்ணியாட்ட இருக்குதுங்க தம்பி, ஊருக்குள்ள நம்மள உட மாட்டாங்க” என்பார்.

ஒரு சித்திரையில் கரி அடைத்துக்கொண்டது. டேங்க்கை வடித்துவிட்டோம்; பழைய கரியை அள்ள ஆள் இறங்க வேண்டும். அதற்குள் சாயத்தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை ஏறிவிட்டது. வழிந்து ஓடையில் கலந்தால் பட்டறைக்குப் பூட்டுதான். ஆக்சிஜன் மீட்டரோ பழுதுபார்க்கக் கோயமுத்தூர் போயிருந்தது. ஃபிட்டரான நான் மூடியைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டேன். கெமிஸ்ட் மேடம் என் காலரைப் பிடித்து இழுத்தார். மூடியைத் தள்ளி மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க மேடம், வெறுங் கரிதானுங்களே?”

“ஈரக் கரிங்க தம்பி. சாயத்த இழுக்கறாப்புல உள்ள இருக்கற ஆக்சிஜனையும் இழுத்துப்போடும். நீங்க உழுந்துருவீங்க. தூக்க எறங்கறவனும் உழுவான்.”

முதலாளி ஓடிவந்தார். “தண்ணி வழிஞ்சா ஆருங்க பதில் சொல்றது?”

“சாய மிசின நிறுத்துங்க.”

“ஆர்டர் போயிருமுங்க.”

“போகட்டுமுங்க. இவரு ஊட்டுக்குப் போயிச் சொல்ற வேல எனக்கு வேண்டாமுங்க.”

வெயிலில் இரும்பு மூடி கொதித்தது. அவர் எழவில்லை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு மிசினை நிறுத்தினார். ஒருவழியாக மீட்டர் பைக்கில் வந்தது. மூடியைச் சற்றே நகர்த்தி, மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதிகூடப் போகவில்லை, அலறத் தொடங்கிவிட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மேடம் அன்றிலிருந்துதான் எனக்கு அக்கா.

அதன்பின் அதுவே பட்டறையின் வழக்கமானது. உள்ளே காற்று அடித்து, மீட்டர் சரியென்று காட்டும்வரை மூடி மேல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா வேறு யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அவரே உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்து, மூன்று பிடி மண் போட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். பாதி கழற்றிய போல்ட்டுகள் அப்படியே கிடந்தன. மூடி மேல் யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன், நல்ல சூடு.

நான் உக்காந்துட்டனுங்க அக்கா. இனி நீங்க எந்திரிச்சுப் போங்க.