மிச்சக் காற்று

என் மாப்பிள்ளைக்கு விடுதியில் வைத்த பெயர் ஒட்டகம். கடலுக்குள் இறங்குகிற மனிதருக்கு இப்படி ஒரு பெயரா என்று கேட்டால் எல்லோரும் படகோட்டியைக் கை காட்டுவார்கள். ஒட்டகம் தண்ணீரில்லாமல் நாள்கணக்கில் நடக்கும், இவர் காற்றில்லாமல் நீந்துவார் என்பது அவன் சொன்ன விளக்கம். என் மகளுக்கு முதலில் கோபம்தான். ஆனை, குதிரை என்று வைத்திருந்தாலாவது ஒரு மதிப்பு இருந்திருக்கும் என்பாள். மாப்பிள்ளைக்கோ அந்தப் பெயர் வெல்லமாக இனித்தது.

பெயர் வந்த விதம் இது. விருந்தாளிகளைக் கடலடிக்குக் கூட்டிப்போய்ப் பவளப்பாறையும் மீனும் காட்டிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. இறங்குகிற ஒவ்வொருவர் முதுகிலும் காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும். புதியவர்கள் பயத்தில் மூச்சை வாரி வாரி இழுப்பார்கள், சிலிண்டர் சீக்கிரம் காலியாகிவிடும். மாப்பிள்ளை பூனை பால் குடிக்கிற மாதிரி சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். மேலே வரும்போது அவர் சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை வைத்தே அடுத்த தடவையும் இறங்குவார். புதுசாக நிரப்பினதெல்லாம் விருந்தாளிகளுக்கு. முதலாளிக்கு வாயெல்லாம் பல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தன் ஆள் மிச்சக் காற்றிலேயே உலகத்தைச் சுற்றிவிட்டு வருவான் என்று சொல்லிச் சொல்லி மனிதரை உச்சாணிக் கொம்பில் ஏற்றி வைத்திருந்தார்.

படகு கழுவ வந்து, தானாகப் பார்த்துப் பழகி மேலே வந்தவர் அவர். நானும் அதே விடுதியின் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிறவள். மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான் என்று ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறையில் இருக்கிறோம். ஒரு சுவர் தள்ளிப் படுத்திருக்கிற மாமியாரிடம் நல்ல பெயர் வாங்குவது சின்ன விஷயமில்லை. அவர் வாங்கியிருந்தார். சட்டி கழுவுவார், குழந்தைக்குத் தலை வாரிவிடுவார், அடுத்தவனுக்குக் கெடுதல் நினைக்கமாட்டார். குறை ஒன்றே ஒன்றுதான். புகழ்ந்தால் உருகிவிடுவார். சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள் உண்டு. இறங்கும் முன் அதைப் பாருங்கள் என்று விருந்தாளிகளுக்குப் படித்துப் படித்துச் சொல்வார். தான் பார்க்கமாட்டார். முள்ளைப் பார்ப்பது ஒட்டகத்துக்கு இழுக்கு.

அப்படியிருக்கும்போதுதான் அந்த அம்மா வந்தார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். துணைக்கு யாருமில்லை. முரட்டுக் கை, கடைசி சீட்டு வரை எட்டுகிற குரல். துண்டு கொடுக்கப் போன என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிய ஒரே விருந்தாளி அவர்தான். எங்கள் தீவின் பின்பக்கம் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. கடல் அடங்கியிருக்கும் நாளில் மட்டும் படகு அங்கே போகும். அதைப் பார்ப்பதற்கென்றே, வேலை முடிந்த பிறகு, நீச்சல் குளத்தில் பொடிசுகளோடு நின்று கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

"இத்தனை வருஷம் மத்தவங்க போக வேண்டிய இடத்துக்கே வண்டி ஓட்டியாச்சு. நான் போகணும்னு நினைச்ச இடம் இது ஒண்ணுதான்" என்றார்.

கப்பலுக்குப் போகும் முன் ஆளைப் பழக்கிப் பார்க்க வேண்டும் என்று பக்கத்துப் பாறையில் இறக்கினார்கள். அந்த அம்மாவுக்கு என் மாப்பிள்ளை வழிகாட்டி. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருந்தது, அவர்களுக்கு இன்னொருவன். மாப்பிள்ளை எப்போதும் தன் மிச்சத்தைத்தான் எடுப்பார். அன்றைக்கு அவசரத்தில் கைக்கு வந்தது வேறு யாருடைய மிச்சமோ. நாலு வாய் குடித்து வைத்த தம்ளர் மாதிரி அடியில் கொஞ்சம் கிடந்தது. முள்ளை ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கீழே ஓர் ஆமை தென்பட்டது. அந்த அம்மாவுக்குக் கிட்டத்தில் காட்டிவிட வேண்டும் என்று அதன் பின்னால் வேகமாகப் போனார். ஓடினால் ஒட்டகத்துக்கும் மூச்சு வாங்கும். ஒரு மூச்சு இழுத்தார், இறுக்கமாக வந்தது. அடுத்ததை இழுத்தார், வரவில்லை.

காற்று தீர்ந்தால் கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுக்கிற மாதிரி காட்ட வேண்டும். அந்தச் சைகையை எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். தனக்கென்று ஒரு நாளும் காட்டியதில்லை. அந்த நேரத்திலும் கை நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டதாம். உயிர் போகிற நேரத்திலும் மானம் கையைப் பிடிக்கிறது பாருங்கள்.

அந்த அம்மா சைகைக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தே பின்சீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டவர் இல்லையா? கடலில் இறங்குகிற எல்லோரிடமும் வாய்க்குழாய் இரண்டு இருக்கும். ஒன்று தனக்கு. மஞ்சள் நிறத்தில் இருக்கிற இன்னொன்று ஆபத்தில் மாட்டிய அடுத்தவனுக்கு. தன்னுடைய மஞ்சள் குழாயை எடுத்து இவர் வாயில் திணித்துவிட்டு, தோள்பட்டை வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆழத்திலிருந்து விறுவிறுவென்று மேலே வரக்கூடாது, உடம்புக்கு ஆகாது. பாதியில் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். அங்கே இரண்டு பேரும் ஒருவர் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் நின்றார்கள். குழாய் குட்டை, விலக முடியாது. கண்ணைத் திருப்பவும் வழியில்லை. இவர் விட்ட மூச்செல்லாம் கொப்புளம் கொப்புளமாக மேலே போயிற்று. அத்தனையும் அந்த அம்மாவின் காற்று. ஜோடியும் அவர்கள் வழிகாட்டியும் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை.

படகோட்டி மட்டும் மேலேயிருந்து பார்த்திருக்கிறான். தெளிந்த தண்ணீரில் இரண்டு உருவம் ஒரே சிலிண்டரில் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. யாருடைய சிலிண்டர் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அந்த அம்மா ஏணியில் ஏறி உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"என்ன, அம்மாவுக்குக் காத்து தீந்துடுச்சா? நம்ம ஒட்டகம் கூட இருக்கறப்ப என்ன கவலை?" என்று மாப்பிள்ளையின் தோளில் ஓங்கித் தட்டினான்.

மாப்பிள்ளை ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து காலில் மாட்டியிருந்த துடுப்பைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த அம்மா ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

படகு கரையைத் தொடுவதற்கு முன் சேதி தொட்டுவிடும் ஊர் இது. பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஒட்டகம் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதை சலவைக்கூடத்துக்கு வந்தது. நான் சும்மா இருப்பேனா? கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மாப்பிள்ளை அந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கண் காது மூக்கெல்லாம் நானே வைத்தேன்.

முதலாளி இரண்டு காரியம் செய்தார். எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். பிறகு, சாதாரணப் பாறையிலேயே காற்றைத் தீர்த்துக்கொண்டவரை ஆழத்தில் கிடக்கிற கப்பலுக்கு அனுப்ப முடியாது, அதைப் பக்குவமாகப் போய்ச் சொல்லிவிட்டு வா என்று அவரையே அனுப்பினார்.

அந்த அம்மா அறை வாசலில் உட்கார்ந்து நீச்சல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். இவர் தூணோடு தூணாக நின்று சொன்னார். "அம்மா, நாளைக்கு உங்கள அனுப்ப வேணாம்னு முதலாளி சொல்றாரு. காத்து சீக்கிரம் தீந்துபோகுதாம்."

"யாருக்கு?"

இவர் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"நான் வந்துட்டுப் போற ஆளு, தம்பி. நான் சொன்னா, காசு குடுத்தவ சண்டை போடுறான்னுதான் நினைப்பாங்க. நீங்க சொன்னாத்தான் அது பேச்சு" என்றார் அந்த அம்மா. பிறகு, "படகு காலையிலதானே? நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் அத்தனையையும் எங்களிடம் சொன்னார். மகள் கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். எனக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு தெரியுமா? நாளைக்குச் சலவைக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பேன் என்பதுதான். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"குழாயக் குடுத்தப்ப அவங்க முகம் எப்படிங்க இருந்துச்சு? கோபமா?"

"கோபமா இருந்திருந்தா பரவாயில்லையே" என்றார். "குழந்தைக்கு மருந்து குடுக்கற மாதிரி பாத்தாங்க."

காலையில் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். துறையில் முதலாளி நின்றிருந்தார். அந்த ஜோடியிடம், நேற்று ஓர் உயிரைக் காப்பாற்றினவர், இவர் கூட இறங்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதற்குக் கை தட்டினாள், துறையில் நின்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவரில், அந்த அம்மா ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் வந்திருந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் படகில் ஏறினார். கயிறு அவிழ்ந்தது.

அதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டேன். ஏறினேன் அத்தை என்றுதான் இரண்டு தடவையும் சொன்னார்.

தீவைச் சுற்றிக்கொண்டு பாதித் தொலைவு போனபின், ஜோடிக்கு வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். முள்ளைப் பாருங்கள், காற்று தீர்ந்தால் இப்படிக் காட்டுங்கள் என்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனவர் அப்படியே படகோட்டி பக்கம் திரும்பினார். படகைத் திருப்பு என்றார்.

"என்னத்த மறந்துட்டு வந்தே?" என்றான் படகோட்டி.

"ஒரு ஆள."

நடந்ததைச் சொன்னார். படகோட்டி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். கல்யாணப் பையன்தான் மெல்ல, "அப்ப எங்க கூட யாரு இறங்குவா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

துறைக்குத் திரும்பி, கை தட்டிய அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளை சொன்னார். முதலாளி மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். மெதுவாகச் சொல்ல அவருக்கு அப்போது தெரியவில்லை. அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு, இன்னொரு வழிகாட்டியோடு படகு மறுபடி கிளம்பியது. கடல் அதற்குள் தன் குணத்தைக் காட்டிவிட்டது. தீவின் முனை திரும்பியதும் அலை படகை எடுத்து எடுத்துப் போட்டது. கப்பல் இருக்கும் இடத்துக்குப் போகாமலே திரும்பி வந்தார்கள். ஜோடி யாரிடமும் பேசாமல் அறைக்குப் போய்விட்டது. அடுத்த நாளும் கடல் அடங்கவில்லை. அந்த அம்மா ஊருக்குப் போகிற நாள் வந்துவிட்டது.

மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பயணிகள் படகு வரை கூடப் போனார். துண்டுக் கூடையை வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன், என்னை யாரும் அழைக்கவில்லை. படிக்கட்டில் பையை வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"மன்னிச்சாச்சு, தம்பி" என்றார் அந்த அம்மா. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா கயிறு அவுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் கப்பலப் பாத்திருப்பேன்."

சொன்ன குரலில் குத்தல் இல்லை. பஸ் போய்விட்டது என்று ஒருவரிடம் சொல்கிற மாதிரிதான் இருந்தது. ஏறி உள்ளே போனார். கையசைக்கவில்லை.

முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. கடலில் இறக்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். காற்று அடைக்கும் கொட்டகையில் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே இப்போது மாப்பிள்ளை சிலிண்டர் நிரப்புகிறார். சலவைக்கூடத்தில் என்னைக் கேட்காத கேள்வியில்லை. உங்க மாப்பிள்ளை அடுத்து யாரக் காப்பாத்தப் போறாருக்கா என்பார்கள். நான் தலை நிமிராமல் துண்டை மடிப்பேன். சொல்லாமலே இருந்திருக்கலாம், பைத்தியக்காரன் என்பவர்களும் உண்டு. அவர்களிடம் மட்டும் விடமாட்டேன், சண்டைக்கே போவேன். சொன்னது சரி. சொன்ன நேரம்தான் தப்பு, அதற்கு நாங்கள் தலை குனிகிறோம் என்பேன். இதில் எனக்கு இரண்டு பேச்சில்லை.

கப்பலுக்குப் போய் வருகிறவர்கள் காலி சிலிண்டரைக் கொட்டகையில் இறக்கிவைக்கும்போது வாய் ஓயாமல் பேசுவார்கள். மேல்தளத்து ஏணி, ஜன்னல் வழியாக நுழைந்து போகிற மீன் கூட்டம், துரு ஏறின சக்கரம் என்று ஒன்றை விடமாட்டார்கள். மாப்பிள்ளை இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்று கேட்பார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன என் மகள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், நீங்கள் எத்தனையோ தடவை போன கப்பல்தானே, இதில் புதுசாகக் கேட்க என்ன இருக்கிறது என்று.

"அந்தம்மா எதையெல்லாம் பாக்கலன்னு தெரிஞ்சுக்கறேன்" என்றார்.