சனிக்கிழமைச் சவரம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பஞ்சாயத்து நோட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும்தான். ஒற்று விட்டுப்போயிருக்கும். சின்ன ரவும் பெரிய றவும் இடம் மாறியிருக்கும். அதையெல்லாம் புத்தகம் போடுகிற சிஸ்டர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கோயிலின் பங்கு மலருக்காக, நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவினர் ஆளுக்கு இரண்டு பக்கம் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். மற்றவர்கள் நல்லதாக எழுதுவார்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

நான் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் சொந்தமாக ஜெபம் சொல்லும் முறை என் பக்கம் வந்தால், ‘அருள் நிறைந்த மரியே’ ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பேன். அதனால்தான் எனக்குக் கொத்தனார் வீட்டைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அங்கே பேச்சுக்கு வேலையில்லை.

கொத்தனார் என்னைவிடப் பத்து வயது இளையவர். அரியலூரில் ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசும்போது சாரம் சரிந்து விழுந்தார். கழுத்தில் அடி. அதற்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இடது கையைக் கொஞ்சம் தூக்குவார், விரல் மடங்காது. அவர் மனைவி விடியற்காலையில் முந்திரி உடைக்கப் போய்விட்டு மதியத்துக்கு முன்னால் வருவார். எங்கள் பங்கில் உலைக்கு அரிசி அளக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி தனியே எடுத்துவைப்பார்கள். அந்தப் பிடி அரிசியைச் சனிக்கிழமை சேகரித்து அவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. முதல் வாரம் போனபோது அவருக்குத் தாடி நெஞ்சு வரை கிடந்தது. வீடு தேடி வந்து சவரம் செய்ய ஆள் கிடைக்கவில்லையாம். அடுத்த சனிக்கிழமை என் ரேசரை எடுத்துக்கொண்டு போனேன்.

அப்படி ஆறு வருஷம். சவரம் செய்வேன், நகம் வெட்டுவேன், புரட்டிப் படுக்கவைத்து முதுகு புண்ணாகாமல் எண்ணெய் தேய்ப்பேன். அவருக்குச் சூடு தெரியாது என்பதால், எந்தத் தண்ணீரையும் முதலில் என் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேல் ஊற்றுவேன். இவ்வளவும் நடக்கும், ஆனால் இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். “வரேண்ணே” என்பார் நான் கிளம்பும்போது, ஏதோ அவர் எங்கேயோ போவதுபோல. அது எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு வாரம் முழுவதும் அந்த வார்த்தையோடு வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் டிரைவர் எங்கள் குழுவுக்கு வந்தார். பூலாம்பாடிப் பக்கத்துக்காரர். சிமெண்ட் லாரி ஓட்டி, ராத்திரியில் கண் சரியாகத் தெரியாமல் போனதால் அதை விட்டுவிட்டு, மனைவி ஊரான இங்கே வந்து தங்கிவிட்டார். பாடுவார், பேசுவார், வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் முறை வைத்துக் கூப்பிடுவார். குழுவில் இனி இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று அவரை என்னோடு சேர்த்துவிட்டார்கள்.

முதல் நாளே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். “என்ன மாப்ள, ஊரே நாயா ஓடுது, நீ மட்டும் ஜமீன்தாராட்டம் படுத்துக்கிட்டு வேடிக்க பாக்குற?”

அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. கொத்தனார் தலையை அவர் பக்கம் திருப்பினார். பிறகு, “நீங்க லாரிய நிறுத்திட்டுத் தூங்குனதவிட கம்மிதான் மாமா” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் கடைவாய்ப் பல் ஒன்று இல்லாதது தெரியும் என்பதை ஆறு வருஷம் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

அவர் மாமா, இவர் மாப்பிள்ளை. எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்துகொள்ளலாம். நான் அண்ணன். அண்ணனிடம் யார் கிண்டல் செய்வார்கள்? முதல் நாளே நான் தம்பி என்று கூப்பிட்டுக் கெடுத்துக்கொண்டேன் என்று தோன்றியது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, சோப்பைக் குழைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது. ஏதோ லோஷன் வாசனை வேறு.

“நேத்து மாமா வந்து பண்ணிவுட்டாருண்ணே. மீசய பாருங்க, சினிமாக்காரன் மாதிரி ஒதுக்கிட்டாரு.”

“நல்லாருக்கு” என்றேன். ஆனாலும் நுரையைத் தடவினேன். ஒன்றுமில்லாத கன்னத்தில் ரேசரை மேலிருந்து கீழாக இழுத்தேன்.

“அண்ணே, தோலு உரிஞ்சிரும்.”

நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. போனதும் கட்டில் விரிப்பு மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். தொட்டி மேல் நின்று வால்வைத் திருகும்போது டிரைவர் ஸ்கூட்டர் எந்தத் தெருவில் போகிறது என்று பார்ப்பேன். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் டிரைவர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டால், நான் வேறு பக்கம் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

தவக்காலம் வந்தது. பெரிய வியாழன் அன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்; அதில் எங்கள் அன்பியத்திலிருந்து ஒருவர். இந்த முறை கொத்தனாரை உட்காரவைக்கலாம் என்று சாமியாரே சொன்னார். ஆறு வருஷமாகக் கோயிலைப் பார்க்காத மனுஷன். எப்படிக் கொண்டுவருவது என்று அன்பியத் தலைவர் கொத்தனாரிடமே கேட்டார்.

“மாமா தூக்கிட்டு வந்துருவாரு” என்றார். நான் காலடியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை யாரும் அழுக்காகக் கொண்டுவர மாட்டார்கள். வீட்டிலேயே கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டு வருகிறவர்கள் உண்டு. தூக்கி வரத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, கழுவி அனுப்புவதாவது நானாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வியாழன் காலை தொட்டி நிரம்பியதும் நேராக அங்கே போனேன். அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தார். வேப்பிலை போட்டு இரண்டு சட்டி வெந்நீர் வைத்தேன். அவரைக் கட்டில் நுனிக்கு இழுத்து, தலையணைகளை அடுக்கிச் சாய்த்தேன். அப்போது தெருமுனையில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. டிரைவர் ஹாரன் எனக்குத் தெரியும். இரண்டு சட்டி வெந்நீரையும் பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, சட்டென்று கொத்தனார் கால்களை உள்ளே இறக்கினேன். முழங்கையை விட்டுப் பார்க்கவில்லை.

டிரைவர் வழியில் யாரிடமோ நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். உடனே வரவில்லை. கொத்தனார் தன் காலைக் குனிந்து பார்க்க முடியாதவர். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ரொம்பத் தேய்க்காதீங்கண்ணே. சாமியாரு கழுவ கொஞ்சம் அழுக்கு வுட்டு வைங்க.”

என்னிடம் அவர் சொன்ன முதல் கிண்டல். நான் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேசினைப் பார்க்கவில்லை.

“யோவ், ஆவி பறக்குதுய்யா!” டிரைவர் உள்ளே பாய்ந்து இரண்டு கால்களையும் தூக்கினார். கணுக்கால் வரை சிவந்துபோய், மேல்தோல் நனைந்த காகிதம்போலச் சுருங்கி நின்றது. ஆறு வருஷம் தரையில் படாத கால். கொத்தனார், “என்ன மாமா, என்ன ஆச்சு?” என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்துவிட்டார். “எந்தப் பாவி ஊத்துனது இது?” என்று அலறினார். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள், “நாந்தாங்க. அவசரத்துல பாக்கல” என்றார் டிரைவர்.

சாயங்காலம் கோயிலுக்கு என்று பேசி வைத்திருந்த ஆட்டோ, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

அன்று மாலை கோயிலில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். நான் கடைசித் தூணோரம் நின்றேன். அன்பியத் தலைவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “வேட்டி வெள்ளையாத்தான இருக்கு, போய் உக்காருய்யா.” மறுக்கத் தெரியாமல் போய் உட்கார்ந்தேன். சாமியார் முழங்காலிட்டு என் வலது காலில் தண்ணீர் ஊற்றினார். ஜில்லென்று இருந்தது. அந்தக் காலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சிலுவைப்பாதை முடிந்து டிரைவரை மடக்கினேன். “எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“உங்களுக்குப் பேச வராது. அந்தப் பொண்ணு நாலு வார்த்த கேட்டா நாளையிலேர்ந்து நீங்க அந்தப் பக்கமே போவ மாட்டீங்க. அப்பறம் சனிக்கெழம யாரு பாக்குறது? என்னையன்னா திட்டட்டும், நான் பேசிச் சமாளிச்சிருவேன்.”

ஆனால் அவரால் சமாளிக்க முடியவில்லை. இனி வாசப்படி ஏறக் கூடாது என்று கொத்தனார் மனைவி சொல்லிவிட்டார். வாய் பேசுகிற ஆளுக்கு வேலையில் கவனம் இருக்காது என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். டிரைவர் குழுவிலிருந்தும் நின்றுவிட்டார். சனிக்கிழமையெல்லாம் மறுபடி என்னுடையது ஆனது.

எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. இதை மறைத்தால் மற்றதை எழுதியே பிரயோஜனமில்லை. கால் புண்ணுக்குத் துணி மாற்றும்போது அழுகை வரும். அதே நேரம், இனி ஸ்கூட்டர் வராது என்றும் நினைத்துக்கொள்வேன். டிரைவர் தலை குனிந்து கோயிலுக்குள் வருவதைப் பார்த்தால் வேறொரு எரிச்சல் வரும். பழி சுமப்பதைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

ஆகஸ்டு மாதா திருநாளுக்குப் பிறகு புண் ஆறியது. அந்த வாரம் சோப்பைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “இன்னைக்கி வேணாம்ணே.”

அடுத்த வாரமும் வேண்டாம். அதற்கடுத்த வாரமும் வேண்டாம்.

“தாடி அரிக்கலியா?”

“அரிக்கிது. மாமா வந்தா பாத்துக்குவம்.” சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “எம் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே. நான் சொன்னா உங்களப் பத்திக் கோள் சொன்ன மாதிரி ஆயிரும்.”

அவர் எனக்காக அத்தனை மாதம் வாயைக் கட்டி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. இருந்தும் உடனே சொல்லிவிடவில்லை. தாடி கழுத்தை மறைக்கும் வரை தள்ளிப்போட்டேன். நான் கிளம்பும்போது “வரேண்ணே” என்பதையும் நிறுத்திவிட்டார்.

போன சனிக்கிழமை சொன்னேன். கொத்தனார் மனைவி வாசலில் உட்கார்ந்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே, “அன்னைக்கி வெந்நீ ஊத்துனது அவரு இல்லம்மா, நான்” என்றேன்.

அவர் திட்டவில்லை. எண்ணெய் தடவுவதையும் நிறுத்தவில்லை. “ஆறு மாசமா அந்த மனுசன் கோயில் வாசல்ல என்னைய பாத்தா தலயக் குனிஞ்சுக்கிட்டுப் போறாரு. நீங்களுந்தான பக்கத்துல நிக்கிறீங்க?” என்றார்.

கையிலிருந்த அரிசிப் பையை வாசப்படியில் இறக்கி வைத்தேன்.

“அவரை வரச் சொல்லுங்க. அடுத்த சனிக்கெழம நீங்க வர வேணாம். அதுக்கப்பறம் பாத்துக்கலாம்.”

டிரைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. மோட்டாரை நிறுத்தியதும் பழக்கத்தில் ரேசரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். தெருக்குழாய் வரை போன பிறகுதான் நினைவு வந்தது. அங்கேயே நின்றேன். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. உள்ளேயிருந்து, “என்ன மாப்ள, சாமியாராப் போயிட்ட?” என்று ஒரு குரல். கொத்தனார் சிரிக்கும் சத்தம் தெரு முழுவதும் கேட்டது. அவர் மனைவியும் சிரித்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று குழாயடியிலேயே நின்றேன். ஒரு குடம் நிரம்பி, இன்னொரு குடமும் நிரம்பியது. வரவில்லை.

வயிறு எரிந்தது. எழுதும்போதும் எரிகிறது. சிஸ்டர் இதையும் அப்படியே போடட்டும். வெந்நீரை ஊற்றியது யார் என்று டிரைவரைக் குறை பேசியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குப் புது பிளேடு வாங்கி வைத்திருக்கிறேன். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை.