பன்னிரண்டு வயதோடு நிற்கிற கொப்பி

எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் தடித்த மட்டை போட்ட ஏழு சீஆர் கொப்பிகள் கிடக்கின்றன. ஏழிலும் ஒரே கதைதான். என் கணவர் பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்து இறங்குதுறையில் தூண்டில் போட்டது, பன்னிரண்டு வயதில் தகப்பனிடம் பிடிபட்டு அடி வாங்கியது. அதற்கு மேல் ஒன்றிலும் ஒரு வரி கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் புத்தகம் எழுத வெளிக்கிட்டவளின் இலட்சணம் இது.

தொடங்கியது பொழுது போகத்தான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மெசினோடு படுத்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம். ஊசி ஏற்றிய கையை அசைக்க ஏலாது. பக்கத்துக் கதிரையில் நான். இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் மிஞ்சாத ஒரு காலையில், தன் கதையைத் தான் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்று கேட்டார். திருகோணமலைக்கும் மூதூருக்கும் ஆட்களை ஏற்றி ஓடிய லோஞ்சுப் படகில் கயிறு கட்டி, பிறகு எஞ்சின் பார்த்த மனுசன். கதைக்கா பஞ்சம்? முழுவதையும் எழுதி, ஒருநாள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. உப்பும் குறைவு, தண்ணீரும் அளவு என்று ஆன பிறகு அவர் வேறெதையும் என்னிடம் கேட்டதில்லை.

என் நோய் வேறு மாதிரி. நான் கிளார்க். முதல் நியமனம் மூதூரில், இப்போது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில். மூதூரில் எனக்கு மேலே இருந்த தலைமை இலிகிதர், கடிதத்தில் ஒரு எழுத்து வெட்டியிருந்தாலும் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டார். முழுவதையும் திரும்ப எழுதச் சொல்வார். அவர் பென்சனில் போய் எத்தனையோ காலம். அவர் பழக்கிய பழக்கம் மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை. ஒரு வசனம் பிழைத்தால் தாளைக் கிழிப்பேன். சீஆர் கொப்பி தைத்த கொப்பி. ஒரு தாளைக் கிழித்தால் அதன் சோடித் தாளும் கழன்று வரும். பிறகென்ன, புதுக் கொப்பி. முதல் வரியிலிருந்து மணிமணியாக நல்ல பிரதி.

உண்மையைச் சொன்னால், பார்த்து எழுதுவது சுகம். யோசிக்கத் தேவையில்லை. வேலை நடக்கிறது மாதிரியும் இருக்கும். அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் கப்பல்துறை வீட்டுக்கு வந்து, குசினியில் உப்பில்லாத கறி ஒன்று, உப்புப் போட்ட கறி ஒன்று, கிழங்கின் பொட்டாசியம் அவருக்கு ஆகாதென்று அதை அவித்துத் தண்ணீர் வடித்து இன்னொன்று. அதற்குப் பிறகு புதிதாக ஒரு வசனம் யோசிக்க யாருக்குத் தலை இருக்கிறது? நாளுக்கு ஒரு பக்கம் என்று இலக்கு வைத்தால் உற்சாகம் தானாக வரும் என்று அலுவலகத்தில் ஒரு பிள்ளை எனக்குப் புத்தி சொன்னாள். முப்பது வயது, சொல்லுவாள்தானே. எழுதி முடித்தால் அவரும் போய்விடுவார் என்ற பயத்தில்தான் நான் இழுத்தடிக்கிறேன் என்றும் அவளே கண்டுபிடித்தாள். அப்படி ஒரு மண்ணும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான்.

போன மாதம் ஏழாவது கொப்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாசித்தேன். ஒரு வெட்டும் இல்லாத கொப்பி. எனக்கே பெருமையாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தகப்பன் அடித்த இடத்தில் நிறுத்தினேன்.

“நல்லாயிருக்கு,” என்றார். “ஆனா இஞ்சேரும், ஏழு தரம் அப்புட்ட அடி வாங்கிப்போட்டன். இன்னும் உம்மைக் காணேல்லை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எனக்கு இனி எத்தினை கொப்பிக்குக் காலம் இருக்கோ தெரியாது. என்னை அந்த லோஞ்சில ஏத்திவிடும். நீர் வந்து ஏறுறதை நான் கேக்கவேணும்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. எழும்பிப் போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். கொஞ்சம் அழுதேன். திரும்பி வந்து கொப்பியைத் திறந்தேன். அடி வாங்கிய பையனுக்கும் லோஞ்சில் நின்ற இளந்தாரிக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது. அதை அப்படியே தாண்டினேன். ஒரு திங்கட்கிழமை காலை, நியமனக் கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் மூதூர் லோஞ்சில் ஏற வந்தாள் என்று எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்தேன்.

“பச்சை இல்லை. நீலம்.”

“பச்சைதானப்பா. என்ர சீலை எனக்குத் தெரியாதே?”

“நீர் எங்க சீலையைப் பாத்தனீர்? விழுந்துபோவன் எண்ட பயத்தில காலுக்குக் கீழ பலகையைப் பாத்துக்கொண்டு வந்தனீர். உம்மைப் பாத்துக்கொண்டு நிண்டது நான்.”

அந்தச் சேலை இப்போது இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? பச்சை என்பதைப் பேனையால் வெட்டி, மேலே நீலம் என்று எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. தாள் கொப்பியிலேயே இருந்தது.

“பிறகு?” என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். மெசினில் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.