கோட்டையில் எடுத்த படம்

தொண்ணூறுகளில் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் இருந்தபோது, ஏரிக்கரையில் இருந்த பழைய கோட்டையொன்றைப் பார்க்கப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்த மாமியாருக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று, என் கணவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப்போய், அந்தக் காலத்துப் பிரபு ஒருவரின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார். நான் படம் எடுத்ததும் எச்சரிக்கை மணி அலறியது. காவலாளி ஓடி வந்தார்.

"ஐயோ, இங்க இருக்கிற பெர்மிட் போச்சு!" என்றேன். நல்லவேளை, அவர் விரலை ஆட்டித் திட்டியதோடு விட்டுவிட்டார்.

தப்பினோம் என்று நினைத்துப் படத்தை அனுப்பினோம். இரண்டு மாதத்தில் மாமியார் மகனுக்கு எழுதிய பதில் வந்தது.

"தம்பி, உங்கட வீடு நல்ல பெரிசாக் கிடக்கு. உன்ர அக்கா குடும்பம் ஆறு பேர்தானே, ஒரு மூலை போதும். உங்களிட்ட பிளேன் ஏற அவை கொழும்புக்கு வெளிக்கிட்டினம்."

அதற்குப் பிறகு, பின்னால் வெறும் மலை தெரிந்தாலும், 'இது எங்கட இல்லை' என்று படத்தின் பின்பக்கம் எழுதாமல் நான் அனுப்பியதில்லை.