ஓசூர் ரோட்டில் ஆடியவன்

ஓசூர் ரோட்டில் கம்பெனி வண்டி ஓட்டினேன். மினி பஸ். பொம்மசந்திராவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு. காலையில் நீலசந்திராவில் ஆள் ஏற்றிக்கொண்டு போவேன். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எட்டு மணிக்கு யார்டில் வண்டியை விட வேண்டும். இரவு ஷிஃப்ட் டிரைவர் அங்கே காத்திருப்பார்.

அப்போது ரோட்டின் நடுவில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தகரம் அடித்துப் பாதி ரோட்டை எடுத்துக்கொண்டார்கள். மிச்சப் பாதியில்தான் லாரி, பஸ், ஆட்டோ, தண்ணீர் டேங்கர் எல்லாம். சில நாள் நடந்து போகிறவன் என்னைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு நிற்பான்.

எனக்கு ஜாமில் உட்கார முடியாது. முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். கிளட்ச் மிதிக்கிற இடது காலுக்கு ஓய்வு இல்லை. வலது காலுக்கு வேலை இல்லை. எஞ்சின் சூடு முழங்கால் வரை ஏறும். வீட்டுக்குப் போனாலும் கால் நிற்காது. சோறு போடும்போது மனைவி சொல்வாள்.

"காலை ஆட்டாதேன்னா கேக்கறியா? குடும்பத்துக்கு ஆவாது."

நிறுத்துவேன். குழம்பு ஊற்றுவதற்குள் மறுபடி ஆடும்.

அதனால் சந்து எல்லாம் தேடி வைத்திருந்தேன். ஹொங்கசந்திராவில் இடது பக்கம் ஒரு திருப்பம் உண்டு. மாடு கட்டியிருப்பார்கள், கட்டிட மணல் கொட்டியிருப்பார்கள். பெரிய பஸ் போகாது. என் வண்டி போகும். உள்ளே உள்ளே போனால் பன்னேர்கட்டா ரோட்டில் விடும். அங்கிருந்து டெய்ரி சர்க்கிள், ஆடுகோடி, நீலசந்திரா. ஜாமே இல்லை. ஸ்டாஃப் என்னை மெச்சிக்கொள்வார்கள்.

அந்த வண்டியில்தான் மூன்று பேர் ஆட்டம் ஆடிக்கொண்டு வந்தார்கள். திருச்சிப் பெண் ஒருத்தி, ஈரோட்டுப் பையன் ஒருவன், கோலார் தங்கவயலில் இருந்து வந்த தம்பி ஒருவன். கம்பெனியில் போர்டு டெஸ்டிங் செய்கிறவர்கள். நாலாவதாக ஒருத்தன் இருந்தான். வேறு வேலை கிடைத்து ஐதராபாத் போய்விட்டான்.

முதலில் சீட்டாட்டம் என்று நினைத்தேன். சீட்டு இல்லை. ஒரு அட்டைப்பெட்டி மூடியை மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் கதை சொல்வாள். குகை, ராட்சசன், எரிகிற கோட்டை. கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆள். தங்கவயல் தம்பி வாள்காரன், ஈரோட்டுப் பையன் மந்திரக்காரன். என்ன செய்யப் போகிறாய் என்று அவள் கேட்பாள். இவர்கள் சொல்வார்கள். பிறகு பகடைக் காய் உருட்டுவார்கள். காய் சொன்னால் நடக்கும், இல்லையென்றால் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஊர் ஆட்டமாம். இவர்கள் தமிழில் ஆடினார்கள்.

ஓட்டுகிற எனக்கு அவர்கள் முகம் தெரியாது. காதில் விழுவதுதான். மாதக் கணக்கில் விழுந்தது. ஒரு நாள் கூட்லு கேட்டில் வண்டி அசையாமல் நின்றது. நான் திரும்பாமல் கேட்டேன்.

"கதையில பாலத்துக்குக் கீழே மாட்டினவங்க மேல வந்தாங்களா?"

பிறகு அந்தப் பெண் முன்னால் வந்து எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க கேட்டுட்டா இருக்கீங்க?"

"காது இருக்குதே மேடம்."

"ஐதராபாத் போனவனோட ஆளு சும்மா கெடக்கான். நீங்க வச்சுக்கிறீங்களா?"

"இன்னா பண்ணுவான் அவன்?"

"ஆடுவான். பாடுவான். அவன் ஆடுற வரைக்கும் மத்தவங்களுக்குத் தைரியம். அவங்க அடி நல்லா விழும். அவன் யாரையும் அடிக்க மாட்டான்."

ஈரோட்டுப் பையன் பின்னால் இருந்து சொன்னான். "பாணனுங்கண்ணா. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே."

நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆடுகிறவன் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை போட்டேன். சக்கரம் உருண்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வண்டி நின்றால்தான் ஆட்டம். ஒப்புக்கொண்டார்கள். எனக்குக் காய் உருட்டுவது தங்கவயல் தம்பி. என்ன விழுந்தது என்று கத்துவான். நம்ப வேண்டியதுதான்.

என் முறை வரும்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"ஆடுறேன்."

"எப்படி ஆடுறீங்க?"

"ஆடுறேன்மா. அவ்வளவுதான்."

"இன்னாண்ணா, கல்யாணத்துல மொய் வைக்கிற மாதிரி சொல்ற" என்பான் தங்கவயல் தம்பி. "கொஞ்சம் குலுக்குண்ணா."

நான் குலுக்கியதில்லை. கல்யாணம், சாவு, கோயில் எதிலும் ஆடியதில்லை. சவ ஊர்வலத்தில் தெருவே ஆடும்போது ஓரமாகச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் லாரியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு, "ஆடுறேன்" என்று சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது. இடது கால் கிளட்சில். அது அவன் கால் மாதிரி.

பிறகு இவர்களுக்கு ஜாம் வேண்டியிருந்தது. "அண்ணா, இன்னிக்கு நேராப் போலாமா" என்று மெல்லக் கேட்பார்கள். ரோடு சுமாராக இருந்த நாட்களில் நானும் ஹொங்கசந்திரா திருப்பத்தைப் பார்க்காமல் போயிருக்கிறேன்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அந்தப் பெண்ணுக்குச் சென்னையில் வேலை மாறியது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், எட்டு மணிக்கு ஹாஸ்டல் வாசலில் மூட்டை முடிச்சோடு நிற்பார், அப்படியே மடிவாளாவில் பஸ் என்று சொன்னாள். கதையும் அன்றைக்கு முடிந்தாக வேண்டும். கோட்டைக்குள் வந்துவிட்டோம். ராட்சசன் எழுந்துவிட்டான். வாசல் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

பகலெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. டயரைத் தட்டிப் பார்த்தேன், மறுபடி தட்டிப் பார்த்தேன். கேன்டீன் டீயைப் பாதியில் வைத்தேன். என் ஆளு என்ன ஆவான் என்று தெரிய வேண்டும். இல்லாத ஒருத்தனுக்காக இப்படி இருக்கிறதே என்று எனக்கே கூச்சம்.

முன் சீட்டில் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். கன்னடக்கார அம்மா, பேக்கிங் செக்‌ஷன். எங்கள் ஷிஃப்டுக்கு மாறி ஒரு மாதம்தான். ஆடுகோடியில் பேபி சிட்டிங்கில் குழந்தையை விட்டிருந்தாள். ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இனிமேல் லேட் ஆனால் குழந்தையைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விட வேண்டியதுதான். அன்றைக்கு ஏறும்போது சொன்னாள்.

"அண்ணா, சொல்ப பேகா போங்க."

கொஞ்சம் வேகமாக. தினமும் சொல்வதுதான். அன்றைக்கு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சிங்கசந்திரா தாண்டியதும் ரோடு நின்றது. கிரேன் ஏதோ குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினை அணைத்தேன். பின்னால் மூன்று பேருக்கும் சந்தோஷம். அட்டை மூடி வெளியே வந்தது. ஈரோட்டுப் பையன் நெருப்பு விட்டான். தங்கவயல் தம்பி வெட்டினான். நான் ஆடினேன். ராட்சசன் பாதி செத்துவிட்டான். தங்கவயல் தம்பி சீட்டில் முட்டி போட்டு நின்றான்.

"இன்னும் ரெண்டே சுத்து மச்சி. அண்ணா, நிறுத்திடாதே. ஆடினே இரு."

முன் சீட்டு அம்மா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இறங்கி நடக்கலாமா என்று பார்த்தாள். ஆடுகோடி நடக்கிற தூரம் இல்லை.

ரோடு கொஞ்சம் அசைந்தது. அசைந்து அசைந்து ஹொங்கசந்திரா வரை போயிற்று. அங்கே மறுபடி நின்றது. இடது பக்கத் திருப்பம் காலியாகக் கிடந்தது. ஒரு மாடு மட்டும் நின்றது.

"அண்ணா, உங்க முறை" என்றாள் திருச்சிப் பெண். "என்ன பண்றீங்க?"

இண்டிகேட்டர் போட்டேன். இடது பக்கம் திருப்பினேன்.

"அண்ணோய்" என்றான் ஈரோட்டுப் பையன். "எங்கீங்க போறீங்க?"

"வுடுண்ணா, இன்னிக்கு வேணாம்ணா" என்றான் தங்கவயல் தம்பி. "கடைசி நாளுண்ணா."

சக்கரம் உருளுது என்று மட்டும் சொன்னேன். பிறகு யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் கஷ்டம். கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் அட்டை மூடியைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள், குலுங்கிக் காய் விழாமல்.

அன்றைக்கு என்று சந்து முழுக்க வழி விட்டது. மணல் லாரி இல்லை. பன்னேர்கட்டா ரோட்டில் சிக்னல் எல்லாம் பச்சை. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் ஒரு சுற்றாவது ஆடியிருக்கலாம். ஆடுகோடியில் ஏழுக்கு முன்னாலேயே விட்டேன். அந்த அம்மா இறங்கி ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

நீலசந்திரா கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். இவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"முடிஞ்சுது போ" என்றான் தங்கவயல் தம்பி.

ஈரோட்டுப் பையன் மணி பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"ஏனுங்க, இன்னும் ஏழரை ஆகலைங்க. அப்பா எட்டு மணிக்குத்தானே வாராரு?"

அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. சந்தில் வந்ததில் நேரம் மிஞ்சியிருந்தது. ஜாமில் ஆடியே பழகியவர்களுக்கு வண்டி நின்ற பிறகு ஆடலாம் என்று தோன்றவில்லை.

ஸ்டாப்புக்கு எதிரில் நின்று சாப்பிடுகிற ஓட்டல். வட்டமான ஸ்டீல் மேஜை, நெஞ்சு உயரம். நாலு காபி வாங்கிக்கொண்டு அதில் அட்டை மூடியை வைத்தார்கள். அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்தேன். பேனாவால் கட்டம் போட்ட தாள். ஆளுக்குப் பதில் கம்பெனி ஸ்கிராப். வாள்காரன் ஒரு ஸ்க்ரூ. மந்திரக்காரன் ஏதோ கருப்புச் சில்லு. ராட்சசன் உடைந்த கம்பிச் சுருள்.

"என்னுது எது?"

அந்தப் பெண் காட்டினாள். சின்னச் சிவப்பு பல்பு. கீழே கம்பிக் கால் இரண்டு. ஒரு காலை மடக்கி, மற்றதை ரப்பரில் குத்தி வைத்திருந்தாள். வருஷம் முழுக்க அப்படி நின்றிருக்கிறான்.

காயைக் கையில் கொடுத்தார்கள். நிறைய முகம் உள்ள காய். வழவழப்பாக இருந்தது.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

காலுக்குக் கீழே கிளட்ச் இல்லை. தரை இருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் வடையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வாசல் எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பின்னாடி. தொறந்துதான் இருக்கு."

"போறான்."

"யாரு?"

"நம்ம ஆளு. வெளிய போறான்."

தங்கவயல் தம்பி காபியைக் கீழே வைத்தான். "இன்னாண்ணா வெளையாடுறியா? நீ போனா எங்க அடி விழாது. ராட்சசன் என்னை மென்னு துப்பிடுவான்."

"நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு வரணும்? பாதி சாவடிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப இரு."

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு காயை உருட்டச் சொன்னாள். உருட்டினேன். பதினாறு. பல்பை ரப்பரோடு எடுத்துத் தாளின் ஓரத்துக்கு வைத்தாள். ஈரோட்டுப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் சில்லையும் ஓரத்துக்குத் தள்ளினான். "நானும் வந்துட்டேனுங்க." தங்கவயல் தம்பி போகவில்லை. தனியாக வெட்டினான். இரண்டு முறை நன்றாக விழுந்தது. மூன்றாவது முறை ஒன்று விழுந்தது. ஸ்க்ரூவைப் படுக்க வைத்தாள்.

அவன் கல்லாவுக்குப் போனான். காபிக் கணக்கைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"வெளிய என்னம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"நான் யோசிக்கலண்ணா" என்றாள். "நீங்க எல்லாரும் உள்ளதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்." தாளின் ஓரத்தைப் பார்த்துச் சொன்னாள். "ரோடு இருக்கு. காலியா இருக்கு."

போதும் என்றேன். அவள் பையைப் பக்கத்திலிருந்த ஹாஸ்டல் வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் அப்பா எட்டுக்கு முன்னாலேயே வந்திருந்தார். இது யார் என்று கேட்டார். டிரைவர் என்றாள். அவர் எனக்குக் கும்பிடு போட்டார். நானும் போட்டேன். எட்டு மணிக்கு யார்டில் வண்டியை விட்டேன்.

திங்கட்கிழமை முன் சீட்டு அம்மா வழக்கம் போல ஏறினாள். தங்கவயல் தம்பி ஏறி நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தான். குட் மார்னிங் இல்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அடுத்த வாரம் ஒரு மாலை. ஸ்டாஃப் மீட்டிங் என்று பாதிப் பேர் வரவில்லை, அந்த அம்மா லீவு. அவசரம் யாருக்கும் இல்லை, நேராகப் போனேன். பொம்மனஹள்ளியில் மாட்டினோம். முன்னால் டேங்கர். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கவயல் தம்பி எழுந்து வந்து எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தான். சூடு தாங்காமல் பையை அடியில் போட்டுக்கொண்டான்.

"ஏண்ணா போன?"

நான் இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"உக்காந்தே காலு மரத்துப் போச்சுப்பா."

"நீதாண்ணா உக்காந்திருந்த. அவன் ஆடினேதானே இருந்தான்."

"ஒரே எடத்துல."

அவன் பாக்கெட்டிலிருந்து கடலை எடுத்து எனக்குப் பாதி கொடுத்தான். டேங்கர் நகர்ந்தது. முதல் கியர் போட்டேன்.