வாரண்டியில் சேராத சத்தம்

எங்கள் சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பெயர் டொக்கு சார். காரில் 'டொக் டொக்'கென்று சத்தம் வருகிறது என்று மாதம் தவறாமல் வந்து நிற்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். வாடிக்கையாளர் சொல்லும் புகாரை எழுதிக்கொள்வது என் வேலை. அவர் தலை தெரிந்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

சத்தம் என்று யார் சொன்னாலும் எங்கள் காதால் கேட்காமல் எழுதக் கூடாது. மெக்கானிக் பக்கத்தில் உட்கார அவர் ஓட்டுவார். சில நாள் மெக்கானிக் ஓட்ட அவர் உட்காருவார். ஒரு சத்தமும் வராது. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுபோகிற கதைதான். தனிக்கட்டை, பேச்சுத்துணைக்கு வருகிறார் என்று மெக்கானிக் சொல்லிச் சிரிப்பார்.

போன வெள்ளிக்கிழமையோடு அவருடைய வாரண்டி முடிந்தது. அன்றும் வந்து நின்றார். அன்றைக்குள் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருவோம், மறுநாள் வந்து குட்டிக்கரணம் போட்டாலும் கிடைக்காது என்று சொன்னேன். நீட்டித்தால் சத்தத்தையும் பார்ப்பீர்களா என்று கேட்டார். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏ.சி. பழுதானால் அதில் சேரும், உள்ளே கேட்கிற சத்தமெல்லாம் பழைய வாரண்டியோடு சரி, இதில் சேராது என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப இன்னைக்கே எழுதிடுங்கம்மா. சத்தம் வருதுன்னு ஒரு வரி போதும். என்னைப் பொய் சொல்றவன்னு மட்டும் அனுப்பிடாதீங்க."

மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே கிளம்பினேன். முன்சீட்டை அப்போதுதான் கழுவியிருந்தார்கள், சொதசொதவென்று ஈரம். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினேன். கேட்டைத் தாண்டி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. டொக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் எட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்து சீட்டில் யாரும் மாட்டாமல் தொங்கிய பெல்ட்டின் இரும்பு நுனி, கதவோரப் பிளாஸ்டிக்கில் இடித்துக்கொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டால் அது எப்படி இடிக்கும்? மெக்கானிக் உட்கார்ந்து உட்கார்ந்தே சத்தத்தை நிறுத்தியிருக்கிறார், புத்திசாலி.

நான் கையை நீட்டி, காலி சீட்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். அடுத்த பள்ளத்தில் சத்தமே இல்லை.

"பக்கத்துல யாரும் இல்லேன்னாதான் சார் வருது. நீங்க சொன்னது நிஜம். இன்னைக்கே எழுதி, வாரண்டியிலேயே சரி பண்ணிக் குடுத்துடறேன்," என்றேன், என்னமோ பெரிதாகச் சாதித்துவிட்டவள் மாதிரி.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மாட்டிய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தவறி ஒரு வருடம் ஆகிறது என்றார். அதுவரை அந்த சீட் காலியாக இருந்ததே இல்லையாம். பிறகு மெல்லக் கை நீட்டி அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"எழுத வேண்டாம்மா. சத்தமாவது வரட்டும்."